வெட்டிய பதினொரு விநாடி

சொலான்ஜ் கெர்வெல் கடியபட்டணம் வந்தது
மீன்பெட்டி ஏற்றிய டெம்போவில், முன்சீட்டில்,
மடியில் பிள்ளையைப்போல் ஒரு கேமரா.
குடை பிடிக்க, கிளாப் அடிக்க,
"சைலன்ஸ்" என்று கத்த
ஒருத்தரும் இல்லை.
"படம் எடுக்க வந்தவளா,
வழி தப்பி வந்தவளா?"
என்றார் ஐஸ் பிளான்ட் வில்பிரட்.

புதுச்சேரி மடத்தில் மூன்று வருடம் இருந்து
கன்னியாஸ்திரி ஆகாமல் திரும்பியவள் நான்.
கொண்டுவந்தது பிரெஞ்சு மட்டும்.
மீன் ஏலத்தில் அது செல்லாது.
அவள் வந்த அன்று செல்லுபடியானது.

பெண்கள் கேட்ட முதல் கேள்வி:
"லூர்து போயிருக்கியளா?"
"இல்லை. எனக்கு நம்பிக்கையும் இல்லை" என்றாள்.
"ரெண்டு தடவை போயிருக்காளாம்" என்றேன் நான்.
அன்று மத்தியானமே அவளுக்குச்
சாளைப் புளிமுளம் கிடைத்தது.

பிலிம் நம் வெயில் தாங்காது.
ஐஸ் பிளான்டில், நெய்மீனுக்குப் பக்கத்தில் அடுக்கினோம்.
கணவாய்க்கு என்ன வாடகையோ
டப்பாவுக்கும் அதே.
பாரிஸ் லாபிலிருந்து கடிதம் வந்தது:
உங்கள் சுருள்கள் நாறுகின்றன.
அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

வருடத்தில் ஆறு மாதம் அவள் ஊரில்
முதியோர் இல்லத்தில் இரவு வேலை,
மூத்திரத் துணி மாற்றுவது.
மிச்ச ஆறு மாதம் படம்.
இருபத்திரண்டு வருடத்தில் ஏழு படம்.
ஒன்றை மொத்தமே நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள்.
பாதியில் எழுந்து போனவரையும் சேர்த்துத்தான்.

ஒருவர் போன் செய்தார், பணம் தருவதாக.
புயல் வேண்டுமாம்,
அழுகிற முகம் வேண்டுமாம், பக்கத்தில்.
முட்டம் லைட்ஹவுசைப் பார்த்துத் திரும்பி நின்று
ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.
அது மடத்தில் சொல்லித்தராத வார்த்தை.

அவள் எடுத்தது
பெர்பெத்து வீட்டுக் கொடியை.
கார்த்திகைப் புயலுக்கு முந்தின வாரம்
ஆழ்கடலுக்குப் போன சிலுவைதாசன் வரவில்லை,
வள்ளம் வரவில்லை,
சடலமும் வரவில்லை.
அவன் வெள்ளைச் சட்டை மட்டும்
சனிக்கிழமைதோறும் துவைபடும்,
ஞாயிறு பூசைக்கு.
பதினொரு விநாடி.
காற்று வந்து அதன் கையை
ஒருமுறை மடக்கிவிட்டுப் போனது.

மூன்றாம் வருடம் பள்ளிக்கூடச் சுவரில்
வேட்டி கட்டிக் காட்டினாள்.
ஊர் சிரித்தது, தன் நாயைப் பார்த்து,
வட்டிக்காரனின் பைக்கைப் பார்த்து.
சட்டை வந்தது.
பெர்பெத்து எழுந்தாள்.
"அத எடுத்திரு மக்ளே.
அவிய வந்து,
எனக்க உடுப்ப ஊரெல்லாம் காட்டினியான்னு
கேப்பாவ."

இதை மட்டும் நான்
ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன்.

புரொஜெக்டர் நின்றது.
கத்தரி கேட்டாள். தையல்கடை எட்விஜ் கொடுத்தாள்.
படத்தின் நடுமுள் அது, எனக்குத் தெரியும்,
மற்றதெல்லாம் அதில் ஒட்டிய சதை.
வெட்டினாள். இரண்டு மீட்டர்.
சில்லறை மிச்சம் தருகிறவள்போல்
பெர்பெத்து கையில் கொடுத்தாள்.

நான் சந்தேகக்காரி.
நெகட்டிவ் பாரிசில்தானே இருக்கிறது,
அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்
என்று ஒரு மழைக்காலம் முழுக்க நினைத்தேன்.

போன வாரம் ஒரு பார்சல்.
உள்ளே நெகட்டிவ், வெட்டிய துண்டு.
கூடவே கைவிரல் நீளத்தில்
பிளாஸ்டிக் மாதா ஒன்று,
நீலக் கிரீடம் திருகினால் திறக்கிறது,
வயிறு முழுக்கத் தண்ணீர்.
சீட்டில் எனக்கு ஒரு வரி:
"ரெண்டு தடவையில் ஒன்று முடிந்தது."

என்றைக்குத் தெரிந்ததோ அவளுக்கு.

பெர்பெத்து சுருளை ஜன்னலில் பிடித்தாள்.
இருநூற்று அறுபத்துநாலு சட்டை,
நகத்தளவு, ஒன்றன்கீழ் ஒன்று.
"கறுப்பா இருக்கே."
இதிலிருந்துதான் வெள்ளை வரும் என்றேன்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
பிறகு சுருட்டி
வளையல் டப்பாவில் போட்டு மூடினாள்.
தபாலுக்கு எவ்வளவு ஆகியிருக்கும்
என்று கேட்டாள்.